வெளியே போகும் கிளிக்கில் ரெஃபரர் ஏன் உங்கள் தளத்தையே காட்டுகிறது?

ஜாங்கோ என்ற பைத்தான் வலைச்சட்டகத்தில் புத்தக அறிமுகத் தளம் நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. பதிப்பகங்களின் விற்பனைப் பக்கத்துக்குப் போகும் லிங்குகளை எண்ண ஒரு மிடில்வேர் (தளத்துக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையும் கடந்துபோகும் இடைநிரல்) எழுதியிருக்கிறார். கிளிக் பதிவாகிறது, ஆனால் ரெஃபரர் (எங்கிருந்து வந்தார் என்று பிரவுசர் சொல்லும் முகவரி) என்ற கட்டத்தில் எல்லா வரியிலும் அவருடைய தள முகவரியே நிற்கிறது. கூகுளில் இருந்து வந்தவரையும் ஃபேஸ்புக்கில் இருந்து வந்தவரையும் எப்படிப் பிரிப்பது? போதாததற்கு, ராத்திரி மூன்று மணிக்கு ஒரே நிமிடத்தில் எல்லா லிங்கும் வரிசையாக ஒரு தடவை கிளிக் ஆகிறது, அது யார்?

உங்கள் மிடில்வேரில் தப்பு இல்லை. நீங்கள் கொல்லைப்பக்கக் கதவில் நின்றுகொண்டு, வெளியே போகிறவரிடம் ‘எங்கிருந்து வர்றீங்க’ என்று கேட்கிறீர்கள். அவர் ‘கூடத்திலிருந்து’ என்கிறார். பிரவுசர் அனுப்புவது, அந்த லிங்க் எந்தப் பக்கத்தில் இருந்ததோ அந்தப் பக்கத்தின் முகவரியை மட்டும்தான். ஊர் பெயர் வேண்டுமென்றால் தெருவாசலில் கேட்டிருக்க வேண்டும்.

அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். மிடில்வேர் தெருவாசலில் மட்டும் நிற்கட்டும்: ரெஃபரர் இருந்து, அது வேறு தளத்துடையதாக இருந்து, செஷனில் (குக்கி மூலம் ஒரு வருகையாளரை ஞாபகம் வைத்துக்கொள்ளும் குறிப்பில்) இதற்கு முன் எதுவும் எழுதப்படாமலும் இருந்தால், அந்தத் தளத்தின் பெயரையும் முதலில் வந்து இறங்கிய பக்கத்தையும் செஷனில் எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். ஜாங்கோவின் செஷன் மிடில்வேருக்குக் கீழே இதை வைக்க வேண்டும், மேலே வைத்தால் செஷனே இருக்காது. ரெஃபரரைக் கொண்டுவரும் ஹெடரின் பெயரிலும் கவனம். 1996இல் வந்த ஹெச்டிடிபி ஆவணத்திலேயே அது எழுத்துப்பிழையோடு ஏறிவிட்டது, நடுவில் இரண்டு ‘ஆர்’ வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கும். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் சரியாக எழுதி, எதுவும் வராமல் அரைநாள் முழிப்பார்கள். நானும் முழித்திருக்கிறேன்.

ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். குரோம் 2020இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2021இலும் இயல்பான விதியை மாற்றிவிட்டதால், வேறு தளத்திலிருந்து வருகிறவரோடு பொதுவாக அந்தத் தளத்தின் பெயர் மட்டும்தான் வரும், முழு முகவரி வராது. ஃபேஸ்புக் என்று தெரியும், எந்தப் பதிவு என்று தெரியாது. வாட்ஸ்அப்பில் தட்டி வருகிறவரிடம் பெரும்பாலும் அதுவும் இருக்காது. காலியாக இருப்பதை ‘நேரடி வருகை’ என்று எழுதி மகிழ வேண்டாம், ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். நீங்களே பகிரும் லிங்கில் யுடிஎம் குறி (எங்கே பகிர்ந்தது என்று லிங்கின் கடைசியில் ஒட்டும் குறிப்பு) சேர்த்துவிட்டால் இந்தப் பிரச்சினை பாதி தீரும்.

சரி, கொல்லைப்பக்கம். பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லை மிடில்வேரிலேயே பிரித்து லிங்குகளை மாற்றும் யோசனை பலருக்கும் வரும். வேண்டாம். பதிலைச் சுருக்கி அனுப்பும் ஜிஜிப் மிடில்வேர் இதற்குக் கீழே இருந்தால் உங்கள் கைக்கு வருவது சுருக்கப்பட்ட பைட்டுகள், துண்டு துண்டாகப் போகும் ஸ்ட்ரீமிங் பதில் என்றால் பிரிக்க உள்ளடக்கமே கையில் இருக்காது. டெம்ப்ளேட்டிலேயே, பதிப்பக முகவரிக்குப் பதில் ‘போ/57’ மாதிரி ஒரு உள் லிங்கை அச்சிடுங்கள். அந்த லிங்கைக் கையாளும் வியூ (ஜாங்கோவில் பதில் தரும் ஃபங்ஷன்) 57ஐ டேட்டாபேஸில் பார்த்து, ஒரு வரி எழுதி, 302 ரீடைரக்ட் (தற்காலிகமாக வேறு முகவரிக்குத் திருப்புவது) தர வேண்டும். நிரந்தரத் திருப்பமான 301 கொடுத்தால் பிரவுசர் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்த கிளிக்கில் உங்கள் சர்வருக்கு வராமலேயே போய்விடலாம், எண்ணிக்கை குறையும், காரணம் சட்டென்று பிடிபடாது.

எண்ணுக்குப் பதில் போகவேண்டிய முகவரியையே கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டுவது இன்னும் மோசம். யார் வேண்டுமானாலும் அந்த இடத்தில் தன் மோசடிப் பக்கத்தை எழுதி, உங்கள் டொமைனின் நல்ல பெயரில் மெயில் அனுப்பலாம். ‘ஓப்பன் ரீடைரக்ட்’ என்று இந்த ஓட்டைக்குத் தனிப் பெயரே இருக்கிறது.

ரீடைரக்டே வேண்டாம், ஜாவாஸ்கிரிப்டில் சென்ட்பீக்கன் (பக்கத்தை விட்டுப் போகும்போதும் சர்வருக்குச் சின்னத் தகவல் அனுப்பும் வசதி) மூலம் சொல்லிக்கொள்கிறேன் என்றால் அதுவும் நல்ல வழிதான், லிங்க்மேல் மவுஸை வைத்தால் உண்மையான முகவரியே தெரியும். ஆனால் நடுபட்டனில் தட்டிப் புதிய டேபில் திறப்பவர் ‘கிளிக்’ நிகழ்வில் சிக்கமாட்டார், அதற்கு ‘ஆக்ஸ்கிளிக்’கையும் கேட்க வேண்டும். வலது பட்டன் மெனு வழியாகத் திறந்தால் அதிலும் சிக்கமாட்டார். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் கணக்கு தனி.

அப்புறம் அந்த மூன்று மணி ஆசாமி. அநேகமாகத் தேடுபொறியின் பாட் (தானாகப் பக்கங்களைத் திறக்கும் நிரல்), லிங்க் என்று எதைக் கண்டாலும் பின்தொடரும். பாட்களுக்கு எங்கே போகலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் ‘போ’ பாதையைத் தடுத்தால் கூகுள் மாதிரி ஒழுங்கானவை நின்றுவிடும். மற்றவற்றுக்கு, மேலே சொன்ன செஷனே கைகொடுக்கும்: மனிதர் என்றால் முதலில் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தானே கிளிக் செய்வார்? ரெஃபரர் இல்லாமல் வந்தவருக்கும் ‘தெரியவில்லை’ என்று செஷனில் எழுதிவைத்தால், செஷனே இல்லாமல் ‘போ/57’க்கு வரும் ஆளைத் தனிக் கட்டத்தில் தள்ளிவிடலாம். குக்கியை அணைத்துவைத்திருக்கும் சில மனிதர்களும் அதில் விழுவார்கள், பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு பாட் வரும்போதும் டேட்டாபேஸ் டேபிளில் ஒரு செஷன் வரி குவியும், அதனால் செஷனைப் பிரவுசரிலேயே வைக்கும் கையொப்பமிட்ட குக்கி செஷனுக்கு மாறிவிடுங்கள். ஐபி முகவரியைச் சேமிக்க இதில் எந்தத் தேவையும் இல்லை.

இதுவரை சேர்ந்த பழைய வரிகளை அழித்துவிடாதீர்கள். அந்தக் கட்டத்தின் பெயரை ‘எந்தப் பக்கத்தில் கிளிக்’ என்று மாற்றினாலே போதும், எந்தப் புத்தக அறிமுகம் ஆட்களைக் கடைவரை அனுப்பியது என்ற கணக்கு அதில் ஏற்கெனவே இருக்கிறது.