Re: வேலை போய் எட்டு மாதம், எரேமியா 29:11 பொய்த்துவிட்டதா?

சகோதரி, உங்கள் கணவருக்கு மூன்று மாதத்தில் வேலை கிடைக்கும் என்று ஒருவர் தீர்க்கதரிசனம் சொன்னார், நடக்கவில்லை, இப்போது உங்கள் விசுவாசக் குறைவுதான் காரணம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் எரேமியா 29:11ஐ (உங்கள்பேரில் நான் நினைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று தேவன் சொல்லும் வசனம்) 28, 29 இரண்டு அதிகாரங்களோடும் சேர்த்து வாசியுங்கள். யூதர்களின் பாபிலோன் சிறையிருப்பு இரண்டு வருஷத்தில் முடிந்து எல்லாம் சரியாகிவிடும் என்றவன் அனனியா. அவன் பொய்த் தீர்க்கதரிசி. தேவன் சொன்னதோ 70 வருஷம் (29:10). நீங்கள் பற்றிக்கொண்ட 11ஆம் வசனம் அதற்கு அடுத்து வருகிறது. பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது; காலக்கெடுவைக் குறுக்கித் தரும் வாக்குத்தத்தம் அல்ல. காத்திருந்த காலத்தில் அவர்களுக்குக் கிடைத்த கட்டளையும் 5 முதல் 7 வரை இருக்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள். ஆகவே தற்காலிக வேலையை ஏற்பதோ செலவைக் குறைப்பதோ அவிசுவாசம் ஆகாது.

ஜெபம் வரவில்லை என்றால் சங்கீதம் 13ஐ அப்படியே சொல்லுங்கள். ஆறே வசனம்: முதல் இரண்டு முறையீடு, அடுத்த இரண்டு விண்ணப்பம், கடைசி இரண்டு நம்பிக்கை. கடைசிப் பகுதி வாயில் வராத நாளில் நான்கோடு நிறுத்துங்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

குற்றம் சாட்டுகிறவர்களுக்கு யோபு 42:7 போதும்: துன்பப்பட்ட யோபுவையே குற்றம் சாட்டிய சிநேகிதர்மேல்தான் தேவன் கோபம் கொண்டார். (காட்டி வாதாட வேண்டாம், வீண்.)

தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். சாக விரும்பும் அளவுக்குச் சோர்ந்துபோன எலியா தீர்க்கதரிசிக்கும் முதலில் தூக்கமும் இரண்டு வேளை ஆகாரமும்தான் கிடைத்தன. ஓரேப் மலையில் 'இங்கே உனக்கு என்ன காரியம்' என்ற தேவனுடைய கேள்வி அதற்குப் பிறகே வந்தது.