நேட்டாலுக்குக் கப்பலேறியவரைத் தேடுவது எப்படி?

வந்தவாசிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் முனுசாமி 1890களில் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனதாக ஆயா சொல்வார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இனிமேல் கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும் என்றே நம்புகிறேன். இலங்கைக்கும் மலாயாவுக்கும், தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணியோடு போனவர்களுக்கு இப்படி ஆள்வாரியான பதிவு கிடைப்பது அரிது. தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலின் கதை வேறு. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் போனதில் தொடங்கி 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துக் கப்பல் பட்டியலில் எழுதினார்கள். பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், கூடவே உடலில் உள்ள தழும்பு, மச்சம் வரை அதில் இருக்கும். யாரிடம் வேலைக்கு அனுப்பினார்கள் என்பதும் பல பதிவுகளில் உண்டு.

ஆனால் 'முனுசாமி' என்று மட்டும் தேடினால் கண்டிப்பாகத் திணறுவீர்கள். அந்தப் பெயரில் ஏகப்பட்ட பேர் போயிருக்கிறார்கள். எழுத்துக்கூட்டலும் எழுதியவர் காதில் விழுந்தபடிதான் இருக்கும்: மூன்சாமி, முனிசாமி, மூனுசாமி. ஆளை அடையாளம் காட்டப்போவது தகப்பனார் பெயரும் ஊரும்தான். அதனால் முதல் வேலை வீட்டிலேயே இருக்கிறது. பெரியவர்களிடம் முனுசாமியின் அப்பா பெயரைக் கேளுங்கள். பழைய பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, கடிதம் எதுவானாலும் எடுத்துப் பாருங்கள். அந்தக் காலப் பத்திரங்களில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று எழுதியிருப்பார்கள். வீட்டில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டுப் பார்க்கலாம்.

இன்றைய மாவட்டப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். திருவண்ணாமலை மாவட்டம் 1989இல்தான் வந்தது. பட்டியலில் உங்கள் ஊர் வட ஆர்க்காடு ஜில்லாவில், 'வாண்டிவாஷ்' என்ற பெயரின் கீழ் இருக்கும். கிராமத்தின் பெயரையும் ஆங்கிலேயர் உச்சரிப்பில் நாலைந்து விதமாக எழுதிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வயது விஷயத்தில் ஐந்து வருடம் முன்பின் விட்டுத் தேடுங்கள். குத்துமதிப்பாகச் சொன்ன வயதாகத்தான் அது இருக்கும்.

சரி, பட்டியல் எங்கே? டர்பனில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. ஒத்துவரும் பதிவு கிடைத்தால் எண், கப்பல் பெயர், வந்த ஆண்டு மூன்றையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். உம்லாசி போன்ற கப்பல்கள் திரும்பத் திரும்ப வந்துபோனவை, கப்பல் பெயர் மட்டும் போதாது.

அந்த எண்தான் இனி உங்கள் கையிலுள்ள சாவி. தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகத்தில் இந்தியக் குடியேறிகளின் காப்பாளர் (கூலிகளின் விவகாரங்களைக் கவனித்த அரசு அதிகாரி) அலுவலகக் கோப்புகள் இருக்கின்றன. திருமணப் பதிவு, முதலாளிமேல் கொடுத்த புகார் என்று பலதும் அங்கே கிடைக்கலாம். நேட்டால் இறப்புப் பதிவுகள் பலவற்றை குடும்ப வரலாறு தேட உதவும் ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம். ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்தவர்கள் எல்லோரும் அங்கேயே தங்கிவிடவில்லை. மறு ஒப்பந்தம் போடாமலும் ஊர் திரும்பாமலும் இருப்பவர்கள் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் போட்டார்கள். மாதம் பத்துப் பதினைந்து ஷில்லிங் சம்பாதித்தவருக்கு அது எவ்வளவு பெரிய சுமை! அந்த நெருக்கடியில் பலர் கப்பலேறித் திரும்பினார்கள். ஆகவே திரும்பியவர்கள் பட்டியலையும் பாருங்கள்.

அங்கேயே தங்கியிருந்தால், வாரிசுகளைத் தேடும்போது சாதிப் பட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் கப்பலேறிப் போனவரின் பெயரே பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்ட குடும்பங்கள் நிறைய. டர்பன் பக்கம் 'மூன்சாமி' என்பதைக் குடும்பப் பெயராக வைத்திருப்பவர்களிலிருந்தும் தேடத் தொடங்கலாம். பேசக் கிடைப்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது அந்தக் கப்பல் பட்டியல் எண்ணைத்தான்.