பழைய சாமானில் முற்றத்து அழகு: வாசகர் கேள்விகள்

குசினியில் கழித்த அலுமினியச் சட்டிகளில் பூக்கன்று வைத்தோம். மாரியில் அழுகின, மிச்சம் கோடையில் கருகுகின்றன. – கிளிநொச்சி

அழுகலுக்குக் காரணம் துளை போதாமை. ஓரடி அகலச் சட்டிக்கு விரல் நுழையும் அளவில் ஐந்து துளை வேண்டும். சட்டியை மரக்குற்றியில் நிமிர்த்தி வைத்து, ஆணியை உள்ளிருந்து வெளியே அடியுங்கள். வெளியிலிருந்து அடித்தால் தகடு உட்பக்கம் மடிந்து வரம்புபோல நிற்கும்; தண்ணீர் வடியாது. பிறகு மூன்று ஓட்டுத்துண்டில் ஏற்றி வையுங்கள்.

கருகலுக்குக் காரணம் பின்னேர வெயில். மெல்லிய தகடு சூட்டை நேரே வேருக்குக் கொண்டுபோகும். உட்சுவரில் சாக்கை இரண்டு மடிப்பாக விரித்து, அதற்குள் இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு உக்கிய மாட்டெரு, ஒரு பங்கு தும்புத்தூள் கலந்து நிரப்புங்கள். கிழக்கு விறாந்தைதான் சட்டிக்கு ஏற்ற இடம். நித்தியகல்யாணியும் பத்துமணிப்பூவும் அங்கே நன்றாக வரும்.

பூப்பாத்திக்கு ரயரும் கவிழ்த்த போத்தலும் வைத்திருக்கிறோம். டெங்கு வரும், எடுங்கள் என்கிறார் சுகாதாரப் பரிசோதகர். – வவுனியா

அவர் சொல்வது சரி. ரயரின் உள்மடிப்பில் மழைநீர் நின்றால் ஒரு வாரம், பத்து நாளில் நுளம்பு பறந்துவிடும். தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது. சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். தும்புத்தடியால் தேய்த்துக் கழுவி, கீழ் மடிப்பில் ஒரு சாணுக்கு ஒரு துளை போட்டு, இரண்டு மடிப்பும் நிறைய மண்ணை இறுக்குங்கள்.

போத்தலில் பலர் கவனிக்காத இடம் அடிக்குழி. கழுத்தைப் புதைத்தால் அந்தக் குழி வானம் பார்த்துக் கிண்ணமாகிவிடும். ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு மணல் குழைத்து மேடாகப் பூசி அடைத்துவிடுங்கள்.

காணி துப்புரவாக்கியபோது பித்தளை வெடிகுண்டுக் கோது ஒன்று கிடைத்தது. பூச்சாடியாக்கலாமா? – முல்லைத்தீவு

வேண்டாம். தொடவோ, கழுவவோ, துளை போடவோ வேண்டாம். வெறுங்கோதா, உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அரித்துப்போனது இன்னும் ஆபத்து. ஏற்கெனவே வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தால் திரும்பத் தூக்காதீர்கள். பிள்ளைகளை அப்புறப்படுத்தி, 119க்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கள்.

பழைய முதிரைக் கதவை வாங்கிலாக்கினோம். கால்களைக் கறையான் அரித்துவிட்டது. – மாங்குளம்

முதிரை வைரத்தைக் கறையான் லேசில் தொடாது. காலுக்குப் போட்ட மெத்து மரத்தைத்தான் தின்றிருக்கும். மரக்காலே வேண்டாம். எட்டு அங்குல உயரச் சீமெந்துக் கல்லை இரண்டிரண்டாக அடுக்கி, இரு முனையிலிருந்தும் ஓரடி உள்ளே ஒவ்வொன்று, நடுவில் ஒன்று என மூன்று இடத்தில் தாங்குங்கள். நடுத்தாங்கல் இல்லாவிட்டால் ஆறடிக் கதவு தொய்யும். சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்தால் கல்லில் ஏறும் கறையானின் மண்கோடு கண்ணில் படும், உடனே தட்டிவிடலாம். மெல்லிய சட்டப்பலகை போட்ட கதவென்றால் மேசையாக மட்டும் வையுங்கள், ஆள் இருந்தால் பலகை வெடிக்கும்.