போலந்தின் கோல் மன்னர்கள்: கேட்டதும் சொன்னதும்

போலந்து லீக் கால்பந்து பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பத்துப் பேர் கேட்டால் பெரிது என்று நினைத்தேன். கேள்விகள் மளமளவென்று வந்துவிட்டன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: போலந்து லீகில் அதிக கோல் அடித்தவர் லெவாண்டோவ்ஸ்கிதானே? இதில் கேட்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. லெவாண்டோவ்ஸ்கி அங்கே அடித்தது 32 கோல்தான். லெஹ் போஸ்னான் அணிக்கு இரண்டே சீசன் ஆடினார். 2010இல் 18 கோலுடன் கோல் மன்னரானார் (சீசனில் அதிக கோல் அடித்தவருக்கு அந்தப் பெயர்), அணிக்குப் பட்டத்தையும் வாங்கிக் கொடுத்தார், அந்தக் கோடையிலேயே ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணிக்குப் போய்விட்டார்.

முதலிடத்தில் இருப்பவர் எர்னெஸ்ட் போல். 264 ஆட்டங்களில் 186 கோல். அடுத்தவர் லூசியன் பிரிஹ்ச்சி, 182. மூன்றாம் இடத்தில் ரூஹ் ஹோஜூவ் அணியின் கெரார்ட் செஷ்லிக்கும், நம் காலத்து டோமாஸ் பிராங்கோவ்ஸ்கியும் 168 கோல்களோடு நிற்கிறார்கள். ஐந்தாவது லுபான்ஸ்கி, 155. இந்த ஐவரில் பிராங்கோவ்ஸ்கியைத் தவிர மற்ற நால்வரும் அந்த லீகில் ஆடி முடித்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

கேள்வி: அண்ணா, 186 ஒன்றும் எட்ட முடியாத எண்ணிக்கை இல்லையே. அறுபது வருடமாக ஏன் யாரும் தாண்டவில்லை? அந்தக் காலத்தில் தற்காப்பு மோசமாக இருந்ததா?

தற்காப்பைக் குறை சொல்லாதீர்கள், தம்பி. காரணம் பாஸ்போர்ட்.

கம்யூனிச ஆட்சியில் நல்ல ஆட்டக்காரர் வெளிநாட்டு கிளப்புக்குப் போக அரசு விடவேண்டும். பொதுவாக முப்பதை நெருங்கும் வரை விடமாட்டார்கள். 1974 உலகக் கோப்பையில் ஏழு கோல் அடித்து முதலிடம் பிடித்த கிரெகோஜ் லாத்தோ, பெல்ஜியத்தின் லோக்கெரன் அணிக்குப் போனது 1980இல், முப்பது வயதில். உலகமே தேடிய ஆள், அதுவரை ஸ்டால் மியெலெட்ஸ் என்ற சிற்றூர் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். 1982இல் 26 வயது நட்சத்திரம் போனியெக்கை இத்தாலியின் யுவெண்டஸுக்கு விட்டது விதிவிலக்கு.

ஆக, அன்று ஒருவன் தன் உச்ச வயது முழுவதையும் உள்ளூர் லீகில்தான் செலவழித்தான். கோல்கள் அங்கேயே குவிந்தன. இன்று இருபது கோல் அடித்தால் அடுத்த மாதம் ஜெர்மனியிலோ இத்தாலியிலோ இருப்பான். போலின் சாதனையை இன்று காத்து நிற்பது ஐரோப்பாவின் திறந்த எல்லைதான். அவர் திறமையைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். தேசிய அணிக்கு 46 ஆட்டங்களில் 39 கோல் அடித்தவர் அவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் துனீசியாவுக்கு எதிராக மட்டும் ஐந்து.

கேள்வி: போலும் பிரிஹ்ச்சியும் ஒரே ஊர்க்காரர்கள் என்று படித்தேன். உண்மையா?

உண்மை. இருவருமே இன்றைய ரூடா ஷ்லாஸ்கா நகர எல்லைக்குள் பிறந்தவர்கள். சைலீசியா என்னும் நிலக்கரிச் சுரங்கப் பகுதி அது. போல் 1932இல், பிரிஹ்ச்சி 1934இல். பட்டியலின் முதல் இரண்டு இடமும் ஒரே சுரங்க ஊருக்கு.

இருவரையும் பறித்துக்கொண்டது வார்சாவின் லெகியா. அது இராணுவத்தின் கிளப். வயது வந்தால் கட்டாய இராணுவச் சேவை. நன்றாகக் கால்பந்து ஆடுகிறவனுக்குச் சேவை எங்கே என்றால் லெகியாவில். விலை பேச வேண்டியதில்லை, ஒப்பந்தம் வேண்டியதில்லை, அழைப்பாணை போதும். 1955, 1956 பட்டங்களை லெகியா இப்படித்தான் வென்றது.

சேவை முடிந்ததும் போல் சைலீசியாவுக்குத் திரும்பிவிட்டார். சுரங்கத் தொழிலாளர் அணியான குர்னிக் ஸப்ஜேவுக்கு ஆடி எட்டுப் பட்டம் வாங்கினார். லெகியாவின் இரண்டையும் சேர்த்தால் பத்து. ஸப்ஜேயில் அரங்கத்துக்கே அவர் பெயர். பிரிஹ்ச்சி திரும்பவில்லை. 1954 முதல் 1972 வரை லெகியாவிலேயே ஆடினார், பிறகு அங்கேயே பயிற்சியாளராக இருந்தார், 2024 டிசம்பரில் தொண்ணூறு வயதில் இறக்கும்வரை அந்த கிளப்பின் முகம் அவர்தான். அவரை எல்லோரும் "கிச்சி" என்பார்கள். ஹங்கேரிக்காரரான பயிற்சியாளர் ஸ்டைனர் வைத்த பெயர். ஹங்கேரிய மொழியில் "குட்டி" என்று பொருள். ஆள் குள்ளம்.

கேள்வி: நான் வினாடி வினா நடத்துகிறவன். ஒரே லீக் ஆட்டத்தில் ஒருவர் பத்து கோல் அடித்தார் என்று ஒரு குறிப்பு கிடைத்தது. அச்சுப் பிழையா, நிஜமா?

நிஜம். தயங்காமல் கேளுங்கள். 1939 மே 21, ஹோஜூவ். ரூஹ் அணி லோட்ஸ் நகரின் யூனியன் டூரிங் அணியை 12–1 என்று வென்றது. பத்து கோல் எர்னெஸ்ட் விலிமோவ்ஸ்கியுடையவை. வலது காலில் ஆறு விரல் உள்ளவர் என்பதையும் சேர்த்துக் கேட்டால் அரங்கம் களைகட்டும்.

ஆனால் அவரை ஒரு வினாவாக மட்டும் விட்டுவிட எனக்கு மனமில்லை. 1916இல் கட்டோவிட்சேயில் பிறந்தார். அப்போது அது ஜெர்மன் பேரரசு. ஆறு வயதில் ஊர் போலந்துக்குள் வந்துவிட்டது. வீடு நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. ரூஹ் அணியில் பெத்தெரெக், வோதாஜ் ஆகியோரோடு சேர்ந்து "மூன்று ராஜாக்கள்" என்று பெயர் வாங்கினார். லீகில் 86 ஆட்டம், 112 கோல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: போலின் 186ஐவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

1938 உலகக் கோப்பையில், ஸ்ட்ராஸ்பூர்க் மைதானத்தில் பிரேசிலுக்கு எதிராக நான்கு கோல் அடித்தார். உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றில் நான்கு கோல் அடித்த முதல் ஆள். அப்படியும் கூடுதல் நேரத்தில் 6–5 என்று போலந்து தோற்றது. நான்கு கோல் அடித்தவன் தலைகுனிந்து வெளியே வந்த ஆட்டம்!

1939 சீசனில் 14 ஆட்டங்களில் 26 கோலுடன் நின்றபோது போர் வந்தது. சீசன் முடியவே இல்லை. பட்டியலில் ரூஹ் முதலிடத்தில் இருந்தது, ஆனால் பட்டம் யாருக்கும் இல்லை. சைலீசியாவை ஜெர்மனி சேர்த்துக்கொண்டது. விலிமோவ்ஸ்கி ஜெர்மன் தேசிய அணிக்கு ஆடினார்: எட்டு ஆட்டம், 13 கோல். போலந்துக்கு ஏற்கெனவே 22 ஆட்டம், 21 கோல். போருக்குப் பின் போலந்தில் அவர் துரோகி. பெயரைச் சொல்வதே சங்கடமான விஷயம். 1997இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் இறந்தார். அவர் நிலையில் நீங்களோ நானோ என்ன செய்திருப்போம் என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை.

கேள்வி: "விஸ்லா" கிராக்கூவா, "விஸ்வா" கிராக்கூவா?

கிராக்கூவ் நகரத்து அணியின் பெயர் விஸ்வா. குறுக்குக் கோடு போட்ட அந்த "எல்" எழுத்துக்கு "வ" ஒலி. தமிழர்களுக்கு வாயில் எளிதாக நுழையும் ஒரே போலந்து அணி அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: லீக் எப்போது தொடங்கியது? ஒரு சீசனில் அதிக கோல் யார்?

1921இல் கிராக்கோவியா முதல் தேசியப் பட்டத்தை வென்றது. ஆனால் அது வட்டார வெற்றியாளர்கள் மோதும் முறை. எல்லோரும் எல்லோரோடும் ஆடும் லீக் 1927 ஏப்ரலில் வந்தது, அதுவும் சண்டையோடு. தேசியச் சம்மேளனத்துக்கு லீக் பிடிக்கவில்லை. சம்மேளனத் தலைவர் கிராக்கோவியாவின் ஆள், அதனால் கிராக்கோவியா முதல் சீசனில் சேரவே இல்லை. அதே ஊர்ப் போட்டியாளனான விஸ்வாவுக்குக் கொண்டாட்டம். பட்டத்துக்கான மோதல் கட்டோவிட்சேயின் ஜெர்மானியச் சிறுபான்மையினர் கிளப்போடு. அங்கேயே போய் 2–0 என்று வென்றுவிட்டு வந்தது விஸ்வா. அது வெறும் கால்பந்தாக யாருக்கும் தோன்றியிருக்காது.

அந்த முதல் சீசனிலேயே விஸ்வாவின் ஆட்டத் தலைவர் (கேப்டன்) ஹென்ரிக் ரெய்மன் 37 கோல் அடித்தார். இராணுவ அதிகாரி. லீகின் முதல் வருடச் சாதனை இன்றுவரை அப்படியே இருக்கிறது. 1934இல் விலிமோவ்ஸ்கி 33 வரை வந்தார். விஸ்வா ஆடும் அரங்கத்துக்கு ரெய்மன் பெயர்தான்.

கேள்வி: லீகில் முதலிடம் வந்த அணிக்குப் பட்டம் இல்லை என்று ஆன வருடம் உண்டாமே? நம்ப முடியவில்லை, ஐயா.

நம்புங்கள், 1951. சோவியத் முறையைப் பின்பற்றி கிளப்புகளுக்கெல்லாம் தொழில்வாரியாகப் பெயர் மாற்றியிருந்த காலம். காவல் துறையின் கீழ் வந்த விஸ்வாவுக்கு "குவார்தியா", ரூஹுக்கு "யூனியா", ரயில்வே அணிகளுக்கெல்லாம் "கொலேயாஜ்". அந்த ஆண்டு கோப்பைப் போட்டியை வெல்பவரே நாட்டின் வெற்றியாளர் என்று மேலிருந்து முடிவு செய்துவிட்டார்கள். லீகில் விஸ்வா முதலிடம், கோப்பையை வென்றது ரூஹ், பட்டம் ரூஹுக்கு. கிராக்கூவில் அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

இதேபோல் 1993. கடைசி நாளில் பட்டத்துக்குப் போட்டியிட்ட லெகியா 6–0, லோட்ஸின் எல்.கே.எஸ். 7–1 என்று வென்றன. இரண்டு எண்ணையும் பார்த்தாலே, முன்கூட்டிப் பேசி வைத்த ஆட்டம் என்ற வாடை மூக்கில் அடிக்கும். சம்மேளனம் இரண்டு முடிவுகளையும் ரத்து செய்து, மூன்றாவதாக இருந்த லெஹ் போஸ்னானுக்குப் பட்டத்தைக் கொடுத்தது.

கேள்வி: லுபான்ஸ்கி பற்றி ஒரு வரி சொல்லுங்கள்.

16 வயதில் தேசிய அணியில் நுழைந்து அதே ஆட்டத்தில் கோலும் அடித்தவர். 1966 முதல் 1969 வரை தொடர்ந்து நான்கு முறை லீகின் கோல் மன்னர். 1973இல் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் போனதால், போலந்து மூன்றாமிடம் பிடித்த 1974 உலகக் கோப்பையை ஆடாமல் விட்டவர். வரி நீண்டுவிட்டது.

கேள்வி: இப்போது வெளிநாட்டினர்தான் கோல் மன்னர்களாக வருகிறார்களாமே?

2003இல் லெகியாவின் செர்பியர் ஸ்விட்லிட்சாதான் முதல் வெளிநாட்டு மன்னர். அப்போது அது செய்தி. 2018 முதல் 2025 வரை எட்டு சீசனிலும் ஒரு போலந்துக்காரர்கூட இல்லை: ஸ்பானியர்களே ஐந்து பேர், மற்றவர்கள் டென்மார்க், செக், கிரீஸ். உள்ளூர்க்காரன் வெளியே போக, வெளியூர்க்காரன் உள்ளே வருகிறான்.

அந்த ஸ்பானியர்களில் ஒருவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2019இல் குர்னிக் ஸப்ஜேவுக்காக 24 கோல் அடித்த இகோர் அங்குலோ, அடுத்த ஆண்டே எஃப்.சி. கோவாவுக்கு வந்து இந்தியன் சூப்பர் லீகின் தங்கக் காலணியையும் வாங்கினார். எர்னெஸ்ட் போலின் அணிச் சட்டையைப் போட்டவர் கோவாவில் வியர்த்ததில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

கேள்வி: புள்ளிவிவரம் போதும். உங்களுக்குப் பிடித்த கோல் மன்னர் யார்?

கிரெகோஜ் பியெஹ்னா. 2006இல் கொரோனா கியெல்ட்ஸே அணிக்கு 21 கோல். கீழ்நிலை லீக்குகளில் உழன்றுவிட்டு, முப்பதை நெருங்கும்போது மேல்நிலைக்கு வந்தவர். அதற்கு முன் இறைச்சித் தொழிலில் இருந்ததால் ரசிகர்கள் வைத்த பெயர் "கியெவ்பாசா", அதாவது கொத்திறைச்சிக் குழல். தேசிய அணிக்கு ஒரே ஓர் ஆட்டம் ஆடினார், எஸ்தோனியாவுக்கு எதிராக. அதில் ஒரு கோலும் அடித்தார். அவ்வளவுதான் அவர் கணக்கு. ஆட்டத்துக்கு ஒரு கோல் என்ற சராசரியை லெவாண்டோவ்ஸ்கியாலும் தொட முடியவில்லை.

அடுத்தபடியாக பிராங்கோவ்ஸ்கி. வெளிநாடு போய் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் ஒரு கோல்கூட அடிக்காமல் திண்டாடியவர், சொந்த ஊர் பியாவிஸ்டோக்குக்குத் திரும்பி, 2011இல் 36 வயதில் நான்காம் முறையாக மன்னரானார்.

கேள்வி: போலந்தில் அடிக்கப்பட்ட முதல் கோல் எது? பதிவு இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் இன்று அந்த ஊர் போலந்தில் இல்லை. 1894 ஜூலை 14, அப்போது ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்த, இப்போது உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரம். பெரிய உடற்பயிற்சி விழா ஒன்றின் நடுவே லிவிவ், கிராக்கூவ் அணிகள் பந்தை உருட்டின. ஆறாவது நிமிடத்தில் வோஜிமியெஜ் ஹொமிட்ஸ்கி என்ற லிவிவ் மாணவர் கோல் அடித்தார். உடனே ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள், உடற்பயிற்சிக்காரர்களுக்கு மைதானம் வேண்டியிருந்தது.