இலைச்சாற்றில் துத்தநாக ஆக்சைடு நானோ துகள்: இலை செய்யும் வேலை என்ன?

"இலைச்சாற்றில் உள்ள பாலிஃபீனால்கள் (தாவரங்களில் இருக்கும் ஒருவகைக் கரிமச் சேர்மங்கள்) துத்தநாக அயனியை ஒடுக்கி நானோ ஆக்சைடாக மாற்றுகின்றன என்று படித்தேன், சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. முதுகலை ஆய்வறிக்கையில் நானும் இதையே எழுதியிருந்தேன். வாய்மொழித் தேர்வில் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

துத்தநாக நைட்ரேட்டில் துத்தநாகத்தின் ஆக்சிஜனேற்ற எண் +2. ஆக்சைடிலும் அதே +2. ஒடுக்கம் என்றால் எலெக்ட்ரானைப் பெற்று இந்த எண் குறைவது. பிறகு அது எங்கே நடந்தது? இந்த விளக்கம் வெள்ளித் துகளிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. வெள்ளி நைட்ரேட்டில் சாற்றை ஊற்றினால் கரைசல் பழுப்பாகும். அங்கே அயனி நிஜமாகவே உலோகமாக ஒடுங்குகிறது. துத்தநாகத்தின் ஒடுக்க மின்னழுத்தமோ −0.76 வோல்ட்; அதாவது அதை உலோகமாக ஒடுக்குவது மிகக் கடினம். இலைச்சாற்றுக்கு அந்த வலு கிடையாது.

இலையின் வேலை வேறு. பாலிஃபீனால்களின் ஹைட்ராக்சில் தொகுதிகள் அயனிகளைச் சுற்றிப் பிணைந்து பிடித்து (இதுவே அணைவாக்கம்), ஒன்றோடொன்று நெருங்கவிடாமல் வைக்கின்றன. சாற்றோடு சேர்த்துக் கிளறக் கிளறக் கரைசல் இறுகிப் பழுப்புக் களியாகும். அதை மூசையில் (சூடு தாங்கும் கிண்ணத்தில்) போட்டு 400 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் உலையில் வைப்பேன். கரிமப் பொருள் எரிந்து வாயுவாக வெளியேறுவதும் துகள் திரளாமல் இருக்க உதவுகிறது. எடுக்கும்போது அடியில் கொஞ்சம் மஞ்சள் தூள்தான் இருக்கும். ஆற ஆற வெள்ளையாகும். அந்த நிறமாற்றம் துத்தநாக ஆக்சைடின் இயல்பு, இலையின் சாயம் அல்ல.

அவ்வளவு சூட்டில் மூலிகைச் சத்து பெரும்பாலும் எரிந்துவிடும். ஆகவே "துகளின் மேல் ஒட்டியிருக்கும் மருந்துப்பொருள் பாக்டீரியாவைக் கொல்கிறது" என்பதை நிறமாலைச் சான்று இல்லாமல் நம்ப வேண்டாம். கரைந்து வெளிவரும் துத்தநாக அயனியும், வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வகைகளுமே கொல்லப் போதும். ஒளி பட்டால் சாயக்கழிவைச் சிதைக்கும் பயனும் உண்மைதான். ஆனால் இதன் பட்டை இடைவெளி, அதாவது எலெக்ட்ரானைக் கிளப்ப ஒளி தரவேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், ஏறத்தாழ 3.37 எலெக்ட்ரான் வோல்ட். 368 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா வேண்டும். வெயிலில் அது சிறு பங்குதான்.

இரும்புக்கு மட்டும் கதை கொஞ்சம் மாறும். மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடில் +2, +3 இரண்டும் உண்டு. +3 உப்பிலிருந்து மட்டும் தொடங்கினால் இலை உண்மையாகவே ஒரு பகுதியை ஒடுக்க வேண்டும். நீரிலுள்ள ஆர்செனிக்கைப் பிடித்த பிறகு காந்தத்தால் வெளியே இழுத்துவிடலாம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த துகளும் அதுவே.

நீங்கள் செய்து பார்ப்பதாக இருந்தால், சாறே சேர்க்காத துத்தநாக நைட்ரேட்டையும் அதே உலையில் வையுங்கள். அதிலும் துத்தநாக ஆக்சைடு வரும். எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு) சோதனையில் படிகத் துகள் சிறிதாக இருந்தால் முகடு அகலமாகும்; இரண்டின் முகடுகளும் எவ்வளவு அகலம் என்று ஒப்பிட்டால், இலை துகளின் அளவை மாற்றியதா என்பது தெரிந்துவிடும்.