மோரிஸ் மைனர் 1000 இக்னிஷன்: கேள்வி பதில்

கேட்டவர்கள் மொரீஷியஸ்காரர்கள், ஊர்ப்பெயரால் குறித்திருக்கிறேன். பதில்கள் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டருக்கு (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைவைத்துப் பிரித்துத் தரும் பாகம்). ஒயரைத் தொடுமுன் நினைவிருக்கட்டும்: மைனர் பாசிட்டிவ் எர்த் கார், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும்.

கியூர்பிப்: ஐயா, புது பாயின்ட் போட்டதும் ஸ்பார்க்கே இல்லை. காயிலையும் மாற்றியாச்சு.

காயில் என்ன பாவம் செய்தது? பாயின்ட் என்பது திறந்து மூடி காயிலின் கரன்டை வெட்டும் ஸ்விட்ச்; வெட்டும்போதுதான் காயில் ஸ்பார்க் தரும். அதன் ஸ்பிரிங் மாட்டும் சின்னக் கம்பத்தைப் பாருங்கள். காயில் ஒயர், கண்டன்சர் (பாயின்டில் பொறி பறக்காமல் காக்கும் சின்ன உருளை) ஒயர் இரண்டின் வளையமும் பிளாஸ்டிக் தொப்பியின் கழுத்தில் ஸ்பிரிங்கை ஒட்டி உட்கார வேண்டும். கம்பத்திலோ நட்டிலோ படக்கூடாது. பட்டால், பாயின்ட் திறந்தாலும் கரன்ட் எர்த்துக்குப் போய்க்கொண்டேயிருக்கும்.

புது பாயின்டின் முனையில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், துடைத்துவிடுங்கள். பாயின்டின் ஹீல் (கேமில் உரசும் குதிகால்) கேமின், அதாவது அதைத் தள்ளித் திறக்கும் சுழல்தண்டு மேட்டின், உச்சியில் நிற்கும்போது இடைவெளி 0.015 அங்குலம். கேமில் துளி கிரீஸ் அவசியம். இல்லாவிட்டால் ஹீல் தேயும், இடைவெளி சுருங்கும், டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) பின்தங்கும். இடைவெளியைத் தொட்டால் டைமிங்கையும் பார்த்துவிடுங்கள்.

மாஹேபூர்க்: கடலோர வீடு. காலையில் கிளம்ப மறுக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே துடையுங்கள். முனைகளுக்கு நடுவே பென்சிலால் கிறுக்கியதுபோல் கறுப்புக் கோடு தெரிந்தால் சுரண்டாதீர்கள், மூடியையே மாற்றுங்கள்.

வாக்வா: எந்தக் காயில் வாங்கலாம்?

மூன்றாவது ஆளாகக் கேட்கிறீர்கள். 3 ஓம். பேலஸ்டோடு (கரன்டைக் குறைக்கும் ரெசிஸ்டர்) ஓடவேண்டிய 1.5 ஓம் காயில் போட்டால் பாயின்ட் கருகும். பாசிட்டிவ் எர்த்தில் காயிலின் பிளஸ் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம், மைனஸ் சாவி பக்கம்.

ரோஸ் ஹில்: டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை.

அது இக்னிஷன் இல்லை, எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

போர்ட் லூயிஸ்: அண்ணா, இவ்வளவு பாடு எதற்கு? பாயின்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் முடிந்தது.

பாசிட்டிவ் எர்த்துக்கென்று செய்ததை வாங்கினால் போடலாம். ஒயரை மாற்றிக் கொடுத்தால் நொடியில் போய்விடும்.

போர்ட் லூயிஸ்: சும்மா பயமுறுத்தாதீர்கள். பாயின்ட் தேயும், இது தேயாது.

தேயாதுதான். ஷாஃப்ட் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து ஆடும் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்டைவிட அது சீராகவும் ஓடும். ஆனால் மூடி, ரோட்டர் (மூடிக்குள் சுழலும் கை), காயில் எல்லாம் அதே பழசு. பாதிக் கோளாறு அங்கேதான்.

கியூர்பிப்: நான் இரண்டு பக்கமும் இல்லை. எது நல்லது?

பாயின்ட் கெட்டால் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் தகடு) ஸ்க்ரூ டிரைவரும் போதும், வழியிலேயே சரிசெய்யலாம். எலக்ட்ரானிக் மாட்யூல் செத்தால் கயிறு கட்டி இழுக்க வேண்டியதுதான். எலக்ட்ரானிக் போட்டவர்கள் கழற்றிய பாயின்ட், கண்டன்சர், பேஸ் பிளேட்டை டிக்கியில் வைத்திருங்கள்.

போர்ட் லூயிஸ்: அப்போ எலக்ட்ரானிக்கை ஒத்துக்கொள்கிறீர்கள்!

டிக்கியில் பாயின்ட் இருக்கும்வரை.