ஒப்புக்குச் சப்பாணி (கடிதம்)

அன்புள்ள சார்,

காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். பையனுக்கு மூன்றரை வயது. மூளை வளர்ச்சி ஐந்து வயதோடு முடிந்துவிடும், இப்போதே ஃபோனிக்ஸ், அபாகஸ் வகுப்பில் சேர்த்துவிடு என்கிறார் நாத்தனார். கணவர் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு மரப்பொம்மை செட் பார்த்து வைத்திருக்கிறார். எங்கள் அபார்ட்மென்ட்டில் பிள்ளைகள் உண்டு, ஆனால் எல்லாம் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். இவனைச் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள், அழுதுகொண்டே மேலே வருகிறான். நான் இறங்கிப் போய் சேர்த்துவிட்டாலும் சண்டை. இப்போது அனுப்புவதையே நிறுத்திவிட்டேன். வகுப்பா, பொம்மையா, எது நல்லது சார்?

க.

அன்புள்ள க.,

கொஞ்ச நாளாகவே எங்கள் தெருவில் சாயங்காலம் சத்தமே இல்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் கேட்ட கேள்வியை விட, போகிற போக்கில் சொன்ன அந்த "நிறுத்திவிட்டேன்"தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

நாத்தனாரை முதலில் அனுப்பிவிடுவோம். ஐந்தாறு வயதுக்குள் மூளை அளவில் பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் உள்ளே நடக்கும் வேலை இருபது வயது தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கும். அபாகஸ் எங்கேயும் ஓடிவிடாது.

பொம்மைக்கு ஒரே ஒரு தகவல். 1986-87ல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்தில், ஏழை வீடுகளில் வளர்ச்சி குன்றியிருந்த 129 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு தொடங்கினார்கள். சிலர் வீட்டுக்கு மட்டும் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருடம் போய், பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பொம்மையெல்லாம் வீட்டில் கிடக்கும் சாமான்களில் செய்ததுதான். இருபது வருடம் கழித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்றவர்களை விட 25 சதவீதம் கூடுதல். ஒன்பதாயிரத்தை உங்கள் கணவர் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

சரி, சண்டைக்கு வருவோம்.

நான் வளர்ந்தது விரிஞ்சிபுரம். கோடை லீவில் பாலாறுதான் வீடு. தண்ணீர் ஓடாது, மணல்தான், ஆனால் கையால் தோண்டினால் முழங்கை ஆழத்திலேயே ஊற்று சுரக்கும் (இன்றைக்கு அங்கே தோண்டிப் பாருங்கள், மணலை லாரியில் ஏற்றிய புண்ணியவான்கள் என்ன மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்று தெரியும்). பதிமூன்று வயதுப் பையனும் நான்கு வயதுத் தம்பியும் ஒரே ஆட்டத்தில் இருப்போம். யாராவது ஒரு அக்கா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் வருவாள், அவனை விட்டுவிட்டு வர வீட்டில் விடமாட்டார்கள். அவன்தான் ஒப்புக்குச் சப்பாணி. எல்லோரோடும் ஓடுவான், கத்துவான், யாரும் அவனை அவுட் ஆக்க மாட்டார்கள். இந்த ஏற்பாட்டை எந்தப் பெரியவரும் சொல்லித்தரவில்லை.

ஒருநாள் அப்படி ஒரு வாண்டு நடு மணலில் உட்கார்ந்து, "என்னையும் அவுட் ஆக்கு" என்று அழ ஆரம்பித்துவிட்டான். ஆட்டம் நின்றது. அரை மணி நேரம் வழக்கு. கடைசியில் அவனை அவுட் ஆக்கலாம், ஆனால் அவனுக்கு மட்டும் இரண்டு உயிர் என்று முடிவானது. அக்காவின் கட்சி அதையும் எதிர்த்தது, அது வேறு கதை. அந்த அரை மணி நேரத்தில் நாங்கள் கற்றதை எந்த வகுப்பு கற்றுத்தரும், சொல்லுங்கள்.

ஸ்விட்சர்லாந்தில் பியாஜே என்று ஒரு உளவியலாளர், பையன்கள் கோலி ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக் கேட்டு 1932ல் எழுதினார். சின்னப் பிள்ளைகள் விதியெல்லாம் அப்பாவோ கடவுளோ போட்டது, மாற்றவே கூடாது என்பார்கள், ஆனால் ஆளுக்கொரு விதமாக ஆடுவார்கள். பத்து வயதுக்கு மேல், எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்ற ஞானம் வருகிறது. சக பிள்ளைகளோடு முட்டி மோதித்தான் அது வருகிறது என்றார். (சிறுமிகளுக்கு இந்தச் சட்ட மூளை கம்மி என்றும் எழுதி வைத்தார். எங்கள் ஊர்த் திண்ணையில் அஞ்சாங்கல் ஆடுகிற பெண்களின் வழக்கை ஒருநாள் கேட்டிருந்தால் அந்த வரியை அடித்திருப்பார்.)

இப்போது சொல்லுங்கள், நீங்கள் ஏன் இறங்கிப் போனீர்கள்? அம்மா வந்து சேர்த்துவிட்ட பிள்ளையை எந்தக் கூட்டமும் சேர்க்காது. உங்களுக்குப் பயந்து பத்து நிமிடம் வைத்துக்கொள்வார்கள், நீங்கள் லிஃப்ட் ஏறியதும் கழட்டிவிடுவார்கள். நீங்கள் நடுவராக நிற்கிற வரைக்கும் அங்கே வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை, எல்லோரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பெரிய பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரே வயதுப் பிள்ளைகள் இருபது பேரைத்தான் ப்ரீ-கேஜியிலேயே அடைத்து வைத்திருக்கிறார்களே அம்மா! அவனுக்குக் கிடைக்காதது அந்த ஏழு வயது.

அழுதுகொண்டு வந்தால் முகம் கழுவிவிட்டு, தண்ணீர் கொடுத்து, மறுபடி அனுப்புங்கள். யார் மேல் தப்பு என்று விசாரிக்காதீர்கள். ரிவர்ஸ் எடுக்கிற கார், திறந்து கிடக்கும் சம்ப் மூடி, இதையெல்லாம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குத்தான் பெரியவர்கள். வாயில் போடுகிற வயது, கோலி இப்போது வேண்டாம்.

காசு கையில் நிற்காது என்றால் நல்ல ரப்பர் பந்து ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். பந்து வைத்திருப்பவனை ஆட்டத்தில் சேர்த்தே ஆக வேண்டும், காட்பாடியிலும் அதுதானே சட்டம்?